எதிர்வீட்டம்மாவை வண்டியேற்றி விட்ட நாள்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் இன்ஸ்பெக்டரம்மா, பெண்கள் வெயிட்டிங் ரூம் குளியலறையில் இருக்கிற வாளிக்குக் கைப்பிடி இல்லை. போன தடவை வந்தபோதும் இல்லை. இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கித்தான் ஊற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது உங்கள் வேலை இல்லை, தெரியும். ஆனால் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், அதையும் ஒரு வரி எழுதி வைத்தால் யாராவது பார்ப்பார்கள்.

நீங்கள் கேட்டது எதிர்வீட்டம்மாவைப் பற்றி. சொல்கிறேன், ஒளிக்க ஒன்றும் இல்லை. ஆனால் நடுவிலிருந்து ஆரம்பித்தால் நான் ஏதோ கொடுமைக்காரி மாதிரி தெரியும். அதனால் முன்னாலிருந்தே வருகிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்காக உட்கார்ந்து வருத்தப்பட எனக்கு யாரும் நேரம் கொடுத்ததில்லை. சட்டைக் கம்பெனி ஒன்றில் ரொம்ப வருஷம் காலர் தைத்தேன். காலர் ஒழுங்காக இருந்தால் யார் கண்ணிலும் படாது. கொஞ்சம் கோணிவிட்டால் அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. வீட்டிலும் என் நிலைமை அதுதான். அண்ணன் ஒரு ஊரில், தங்கை வேறொரு ஊரில். அண்ணிக்கு முதுகு பிடித்துக்கொண்டால் என்னைக் கூப்பிடுவார்கள். தங்கை வீட்டில் பரீட்சை என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். யாருக்குப் பிரசவம் என்றாலும் ஆஸ்பத்திரி பெஞ்சில் ஃபிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான்தான். குழந்தை பிறந்தது என்று நர்ஸ் வந்து சொன்னதும் எல்லோரும் உள்ளே ஓடுவார்கள். பைகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் இல்லையா. நான் பார்த்துக்கொள்வேன்.

குறையாகச் சொல்லவில்லை. கூப்பிடுகிறார்கள், போகிறேன். காலையில் கண் விழித்ததிலிருந்து இந்த அறையிலிருந்து ஒரு 'அத்தை', அந்த அறையிலிருந்து ஒரு 'அத்தை'. குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே நின்று, "அத்தை, உள்ளயா இருக்கீங்க?" என்பார்கள். உள்ளேதான் இருக்கிறேன் என்று சொன்னால், "சரி, மெதுவா வாங்க, ஆனா சீக்கிரம் வாங்க" என்பார்கள். எப்படி வருவது என்று நீங்களே சொல்லுங்கள்.

அண்ணன் வீட்டிலிருந்து தங்கை வீட்டுக்குப் போக இந்த ஜங்ஷனில் வண்டி மாற வேண்டும். காலையில் இங்கே இறங்கினால் சாயங்காலம்தான் அடுத்த வண்டி. இரண்டு வீட்டிலும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். ஐயோ பாவம், ஒரு பகல் முழுக்க ஸ்டேஷனில் கிடக்கணுமே என்று அண்ணி ஒவ்வொரு தடவையும் உச்சுக்கொட்டுவாள். நானும் என்ன செய்வது என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வேன். உண்மையில் பத்து மணிக்கே ஒரு வண்டி இருக்கிறது. ஏறினால் மத்தியானமே தங்கை வீட்டு வாசலில் இறங்கிவிடலாம். இந்த ஒரு பொய்தான் என் பெயரில் இருக்கிற சொத்து.

அந்தப் பகலில் என்ன செய்வாய் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்ய மாட்டேன், அதுதான் விசேஷம். குளித்து நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொள்வேன். என் போனை அணைத்துக் கைப்பையின் அடியில் போட்டுவிடுவேன். கேட்டால் சிக்னல் இல்லை. ஸ்டேஷன் வாசல் தெருவில் முகம் பார்க்கிற கண்ணாடிக் கடை ஒன்று இருக்கிறது பாருங்கள், அதன் முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், யாரும் என்ன வேண்டும் என்று கேட்க மாட்டார்கள். பிறகு ஒரு ஓட்டல். எனக்கு என்று ஒரு தட்டு வரும், அதில் இருப்பதை வேறு யாருக்கும் எடுத்து வைக்க வேண்டாம். பகல் காட்சி ஓடினால் போய் உட்காருவேன். படம் எப்படி இருந்தாலும் சரி, இருட்டில் யாருக்கும் என்னைத் தெரியாது. சாயங்காலம் திரும்பி வந்து வண்டி ஏறி, மறுபடி எல்லோருக்கும் உரியவளாகிவிடுவேன்.

இப்போது எதிர்வீட்டம்மாவுக்கு வருகிறேன். அண்ணன் வீட்டுக்கு எதிர்வீடு. தெருவில் எல்லோரும் அவரை அப்படித்தான் சொல்வார்கள். நல்ல மனுஷி. அதில் சந்தேகமே இல்லை. யாருக்கு எந்த உதவி என்றாலும் முதலில் வந்து நிற்பார், கேட்காவிட்டாலும் நிற்பார். அண்ணி வாங்கிய பீரோவை எந்தச் சுவர் ஓரம் வைக்க வேண்டும் என்று சொன்னவர் அவர்தான். வைத்த பிறகு பீரோ கதவு திறக்கவில்லை. உடனே கட்டிலை மாற்றச் சொன்னார். கட்டிலை மாற்றியதும் ஜன்னல் திறக்கவில்லை. இப்போதும் அண்ணன் வீட்டில் அந்த ஜன்னலைத் திறப்பதில்லை, அதற்காக யாரும் அவரைக் குறை சொன்னதுமில்லை.

இன்றைக்குக் காலையில் நான் குளித்து, தலை துவட்டிக்கொண்டு வெயிட்டிங் ரூமுக்குள் வருகிறேன், என் பெட்டிக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார். அதே வண்டியில் வேறு பெட்டியில் வந்திருக்கிறார். மகளுக்கு அடுத்த வாரம் பிரசவம் என்று நாள் குறித்திருக்கிறார்களாம், மகள் ஊருக்கு மதியத்துக்கு மேல்தான் வண்டியாம். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே, என்னைப் பார்த்து அப்படி யாரும் சந்தோஷப்பட்டதில்லை.

"நாத்தனாரம்மா, பாத்தீங்களா, தனியா உக்காந்து என்ன பண்றதுன்னு நெனச்சேன், நீங்க வந்துட்டீங்க."

நாத்தனாரம்மா என்றால் நான்தான். அண்ணிக்கு நாத்தனார் இல்லையா, அதனால். நான் அவரை அக்கா என்பேன்.

பரவாயில்லை என்று நினைத்தேன் இன்ஸ்பெக்டரம்மா. சத்தியமாக நினைத்தேன். மதியம் வரைக்கும்தானே, அதற்கப்புறம் அவர் வண்டி ஏறிவிடுவார், எனக்குப் பாதிப் பகலாவது மிஞ்சும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் அவர் சும்மா உட்கார்ந்திருக்கிறவர் இல்லை. எழுந்து போய் வண்டி நேரம் போட்டிருக்கிற பலகையை மேலிருந்து கீழ் வரை படித்துவிட்டு வந்தார்.

"பத்து மணிக்கே உங்க தங்கச்சி ஊருக்கு வண்டி இருக்கே. நீங்க ஏன் சாயங்காலம் வரைக்கும் காத்துக் கெடக்கணும்?"

அது நிற்காது என்றேன். நிற்கும் என்றார். கூட்டமாக இருக்கும் என்றேன். நான் இடம் பிடித்துத் தருகிறேன் என்றார். என்னிடம் டிக்கெட் சாயங்கால வண்டிக்குத்தான் இருக்கிறது என்றேன். அதற்குள் அவர் கவுண்டருக்குப் போய், அவர் காசிலேயே பத்து மணி வண்டிக்கு ஒரு டிக்கெட் எடுத்து வந்துவிட்டார். வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"வருஷக்கணக்கா ஏமாந்திருக்கீங்களே. நான் ஊருக்குப் போனதும் மொத வேலையா உங்க அண்ணிகிட்ட சொல்லிடறேன். இனிமே இந்தக் கஷ்டம் உங்களுக்கு இல்ல."

அவர் கண்ணில் தண்ணீர். எனக்காக.

அந்த நிமிஷம் நான் யோசித்தது, இன்றைய பகல் போய்விட்டதே என்று மட்டும் இல்லை. இனிமேல் வருகிற எல்லாப் பகலும் போய்விட்டது. கோபம் வரவில்லை. எனக்குக் கோபமே வராது, எங்கள் வீட்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். நன்றி அக்கா என்று சொன்னேன்.

இரண்டு பேருமாகப் பிளாட்பாரத்துக்குப் போனோம். அவருடைய மூட்டைமுடிச்சை வெயிட்டிங் ரூமில் ஒரு குடும்பத்திடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, என் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார். நான் தூக்கக் கூடாதாம், ஏற்கெனவே களைத்திருக்கிறேனாம். வண்டி வந்தது. கூட்டம் நிஜமாகவே அதிகம். வாசலில் மோதிக்கொண்டு நிற்கிறார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, நெரிசலில் உடைந்துவிடும் என்று தன் கைப்பையில் போட்டு, பையை என்னிடம் கொடுத்தார்.

"இதப் புடிங்க. நான் ஏறி இடத்தைப் புடிச்சு உக்காந்திருக்கேன். நீங்க மெதுவா ஏறி வாங்க, நான் எழுந்து குடுத்துட்டு எறங்கிடறேன்."

ஏறினார். வயசுக்கு எவ்வளவு வேகம் தெரியுமா. இரண்டு பேரை இடித்துத் தள்ளி, ஒருவர் உட்காரப் போன இடத்தில் தான் உட்கார்ந்து, என் பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு ஜன்னலில் முகத்தைக் காட்டினார். அந்த ஜன்னலுக்கு வெளியே நான் நின்றேன். கையில் அவர் பை. பையில் கண்ணாடி, போன், மகள் ஊருக்கு அவர் எடுத்த டிக்கெட், கைக்குட்டை, சுருக்குப் பையில் கொஞ்சம் பணம். அதை எண்ணிப் பார்க்கவில்லை, நான் அப்படிப்பட்டவள் இல்லை.

வண்டி புறப்பட்டது. நான் ஏறவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

நீங்கள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பது புரிகிறது. சரி. விசில் ஊதியதும் அவர் எழுந்தார். ஏறி வாங்க, ஏறி வாங்க என்று கையை ஆட்டினார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அது பக்கத்து வண்டிக்கு ஊதறாங்கக்கா. இன்னும் நேரம் இருக்கு. எழுந்தீங்கன்னா இடம் போயிடும்" என்று சொன்னேன். உட்கார்ந்துவிட்டார். இடம் போய்விடும் என்று சொன்னால் அவர் எதற்கும் எழமாட்டார் என்று எனக்குத் தெரியும். வண்டி நகர்ந்த பிறகு அவர் முகம் எப்படி இருந்தது என்று பார்க்கவில்லை. கண்ணாடி இல்லாமல் அவரும் என் முகத்தைப் பார்த்திருக்க முடியாது. ஆக அதில் இரண்டு பேருக்கும் சங்கடம் இல்லை.

டிக்கெட் இல்லாமல் போனார் என்று அவர் மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது, அந்த வண்டி டிக்கெட் அவர் கையிலேயே இருந்தது. மாற்றுப் புடவைக்கும் குறைவில்லை, என் பெட்டி அவரோடுதான் போயிருக்கிறது. புடவை சரியாக இருக்கும், ரவிக்கைதான் கொஞ்சம் இறுக்கும்.

முன்பின் தெரியாத ஊரில் ஒரு பெண்பிள்ளை தனியாக இறங்கித் தடுமாறட்டும் என்று விட்டுவிடுகிறவள் இல்லை நான். உடனே என் போனை எடுத்து உயிர் கொடுத்துத் தங்கையைக் கூப்பிட்டேன். எனக்கு வர முடியவில்லை, நாளைக்கு வருகிறேன், எனக்குப் பதிலாக ஒருத்தரை அனுப்பியிருக்கிறேன், பச்சைப் புடவை, கண்ணாடி இல்லாததால் கையைப் பிடித்து இறக்க வேண்டும் என்று விவரமாகச் சொன்னேன். தங்கை பாவம், அவளுக்கும் கஷ்டம்தான். வீட்டுக்காரருக்குக் காலில் கட்டு, மாமியார் வேறு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"வேலையெல்லாம் செய்வாங்களா?" என்றாள்.

"நீ நிறுத்தினாலும் நிறுத்த மாட்டாங்க" என்றேன். இதில் பொய் எங்கே இருக்கிறது.

"வெக்கப்படுவாங்களோ?"

"ஏதோ தப்பு நடந்துபோச்சு, நான் போகணும்னு சொல்லுவாங்க. மொத நாள் அப்படித்தான் இருக்கும். டீ போட்டுக் குடு."

போனை மறுபடி அணைத்துப் பையின் அடியில் போட்டேன். மனசு லேசாக இருந்தது. கண்ணாடிக் கடைக்குப் போகலாம் என்று எழுந்தேன். அப்போதுதான் இன்னொரு பையிலிருந்து, எதிர்வீட்டம்மா பையிலிருந்து, போன் அடித்தது. அவருடையது சின்ன பட்டன் போன், சத்தம் மட்டும் ஊரைக் கூட்டும். வெயிட்டிங் ரூமே திரும்பிப் பார்த்தது. எடுக்காவிட்டால் சந்தேகப்படுவார்கள் என்று எடுத்தேன்.

அவர் மகள். ஆஸ்பத்திரியிலிருந்து. அடுத்த வாரம் என்று சொன்னது இன்றைக்கே வந்துவிட்டது. வலி எடுத்துவிட்டதாம். வீட்டுக்காரர் வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார், கிளம்பி வந்துகொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் கொண்டு வந்து சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்மாவிடம் கொடுங்கள் என்றாள்.

நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? வலியில் இருக்கிற பெண்ணிடம், உன் அம்மாவை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டேன் என்றா சொல்வது. அவளுக்கு என்ன ஆகும். அதனால், "அம்மா தூங்கறாங்க கண்ணு. ராத்திரி பூரா தூக்கமில்ல" என்றேன்.

"நீங்க யாரு?"

"எதிர்வீட்டுக்கு வருவேனே."

"அந்த அத்தையா?" என்றாள். சில தடவை வாசலில் பார்த்திருக்கிறாள், ஞாபகம் வைத்திருக்கிறாள். "சரி அத்தை, எழுப்ப வேணாம். பாவம் தூங்கட்டும். நீங்க கொஞ்ச நேரம் பேசுங்க."

"என்ன பேசறது?"

"எதையாவது. இங்க யாருமே இல்ல."

எனக்கு எதையாவது பேசிப் பழக்கம் கிடையாது இன்ஸ்பெக்டரம்மா. என்னிடம் எல்லோரும் சொல்வார்கள், நான் செய்வேன், அதுதான் வழக்கம். ஆனால் அவள் கேட்டுவிட்டாள். அதனால் காலர் தைப்பது எப்படி என்று சொன்னேன். முதலில் உள்துணியை வெட்ட வேண்டும், மேல்துணியைவிட ஒரு நூல் அளவு சின்னதாக, அப்போதுதான் நுனி உள்பக்கம் வளையும். அவள் உம், உம் என்றாள். வலி வருகிறபோது பேச்சை நிறுத்தினேன், போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். பீரோ கதையையும் சொன்னேன். ஜன்னல் திறக்காத இடம் வந்ததும் சிரித்துவிட்டாள். சிரித்தால் வலிக்கிறது அத்தை, ஆனால் நிறுத்தாதீங்க என்றாள். அந்த வார்த்தையை, அதுதான் அத்தை என்கிறதை, நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறேன் என்று உங்களுக்குச் சொன்னேன் இல்லையா. இவள் சொன்னால் அதற்குப் பின்னால் ஒரு வேலையும் வரவில்லை.

இடையில் வைத்துவிட்டாள், டாக்டர் வந்தார் என்று. மறுபடி கூப்பிட்டாள். நான் ஓட்டலுக்குப் போகவில்லை, அங்கே இரைச்சலாக இருக்கும், அவள் பேசுவது கேட்காது. பகல் காட்சிக்கும் போகவில்லை, உள்ளே போனில் பேச விடமாட்டார்கள். பிளாட்பாரக் கோடியில் ஒரு பெஞ்ச் இருக்கிறது, சுவர் ஓரமாக, அங்கே உட்கார்ந்தேன். போனில் சார்ஜ் குறைந்தது. டீக்கடைக்காரரிடம் போய் அவர் பிளக்கில் செருகிக்கொண்டு, அவர் ஸ்டூலிலேயே உட்கார்ந்து பேசினேன். மகளுக்குப் பிரசவம் என்று சொன்னேன். வேறென்ன சொல்வது, முழுக் கதையும் சொல்ல முடியுமா. அவர் டீக்குக் காசு வாங்கவில்லை.

கடைசியில் அந்தப் பெண், போனைப் பக்கத்தில் வைக்க நர்ஸ் சம்மதித்துவிட்டார் என்றாள். வலி உச்சத்தில் அம்மா அம்மா என்று கத்தினாள். யாரும் அப்படித்தான் கத்துவார்கள், தெரியும். ஆனால் பதில் சொல்ல இந்தப் பக்கம் ஓர் ஆள் வேண்டும் இல்லையா. இருக்கேன், இங்கதான் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை அழுத சத்தம் நேராக என் காதில் விழுந்தது. எங்கள் குடும்பத்தில் பிறந்த ஒரு குழந்தையின் முதல் சத்தத்தைக்கூட நான் கேட்டதில்லை, எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நடந்தது. இதை நான் முதலில் கேட்டேன். அதன் அப்பாவுக்கு முன்னால், அதன் பாட்டிக்கு முன்னால். பெண் குழந்தை. என்ன தொண்டை என்கிறீர்கள். அவர்கள் குடும்பத் தொண்டை.

இப்போ அம்மாவை எழுப்புங்க அத்தை என்றாள். எழுப்புகிறேன் என்றேன். அடுத்த தடவை கேட்டபோது முகம் கழுவப் போயிருக்கிறார்கள் என்றேன். அதற்கப்புறம் அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்திருக்கிறார். அதே நேரத்தில் என் தங்கை வீட்டிலிருந்து எதிர்வீட்டம்மா எப்படியோ என் அண்ணி மூலமாக அவரைப் பிடித்துப் பேசியிருக்கிறார். அந்த மருமகன் இரண்டையும் சேர்த்துப் பார்த்து உங்களுக்குப் புகார் கொடுத்திருக்கிறார். கெட்டிக்காரர். உங்கள் ஆட்கள் வந்தபோது நான் ஓடவில்லை, டீக்கடைக்காரரையே கேளுங்கள். சார்ஜரைக் கழற்ற ஒரு நிமிஷம் கேட்டேன், அவ்வளவுதான்.

எதிர்வீட்டம்மாவும் நன்றாகத்தான் இருக்கிறார் என்று நீங்களே சொன்னீர்கள். தங்கை வீட்டுச் சமையலறையில் தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டாராம், தங்கையின் மாமியார் வாயை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறாராம். தங்கைக்கு இதைவிட என்ன வேண்டும். நான் போயிருந்தால்கூட அது நடந்திருக்காது. ஆக யாருக்கு என்ன குறைந்துவிட்டது, கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

அவர் போனுக்கு வந்த அந்த இன்னொரு அழைப்பைப் பற்றிக் கேட்கிறீர்கள். வரும் என்று தெரியும். சொல்லாமல் விடலாம் என்றுதான் பார்த்தேன், மறைக்க இல்லை, தேவையில்லாததை எதற்கு எழுத வேண்டும் என்று.

பதினோரு மணி வாக்கில் வந்தது. தெரியாத எண். எதிர்வீட்டம்மாவேதான், வண்டியில் யாரிடமோ போன் வாங்கி, ஞாபகத்தில் இருக்கிற ஒரே எண்ணான தன்னுடைய எண்ணுக்கே கூப்பிட்டிருக்கிறார். முதலில் மன்னிப்புக் கேட்டார். என்னிடம்.

"உங்களை ஏத்திவிட வந்துட்டு நானே உக்காந்து போயிட்டேனே நாத்தனாரம்மா. உங்க பயணத்தையே கெடுத்துட்டேன். விசில் சத்தம் எனக்கும் பக்கத்து வண்டியோடதுன்னுதான் பட்டுது."

நான் ஏமாற்றினேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பிறகு சொன்னார், வண்டி ஒரு பெரிய ஸ்டேஷனில் நிற்கிறதாம், எதிர்ப் பிளாட்பாரத்தில் இந்தப் பக்கம் திரும்பி வருகிற வண்டி ஒன்று புறப்படத் தயாராக நிற்கிறதாம், இறங்கி மாறிக்கொண்டால் வந்துவிடலாமாம், மகள் ஊர் வண்டியையும் பிடித்துவிடலாமாம்.

"கண்ணு சரியாத் தெரியல, யாரையாவது கையப் புடிச்சு ஏத்திவிடச் சொல்றேன். அது பெருசில்ல. பொண்ணுகிட்டேருந்து போன் ஏதும் வந்துச்சா? காலைலேருந்து மனசு என்னவோ மாதிரி இருக்கு. வந்துச்சுன்னா சொல்லுங்க, இப்பவே எறங்கிடறேன்."

அந்த நேரத்தில் அந்தப் பெண், டாக்டர் பார்த்துவிட்டுப் போன பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்திருந்தாள். எந்த நிமிஷமும் கூப்பிடலாம். இவர் பேசிக்கொண்டே இருந்தால் அவளுக்கு லைன் கிடைக்காது. இவர் இறங்கித் திரும்பி வந்துவிட்டால் போனை இவரிடம் கொடுக்க வேண்டும்.

"ஒண்ணும் வரலக்கா" என்றேன். "அடுத்த வாரம்தானே. கண்ணு தெரியாம எறங்கி ஏறி எங்கயாவது விழுந்து வச்சீங்கன்னா அந்தப் பொண்ணுக்கு யாரு இருக்கா. பேசாம உக்காருங்க. தங்கச்சி வீட்ல ஒரு வாய் சாப்பிட்டு நாளைக்கு நிதானமா வாங்க."

"நீங்க சொன்னா சரியா இருக்கும்" என்றார். "உங்களுக்குத்தான் எவ்வளவு நல்ல மனசு."

பிறகு தங்கைக்கும் ஒரு வார்த்தை சொன்னேன், அவர் போன் கேட்டால் உடனே கொடுக்காதே, முதலில் சாப்பிட வை, தூங்க வை என்று. வெறும் வயிற்றோடு போன் பேசினால் பதற்றம் வரும் இல்லையா.

ஆமாம், அவர் இறங்கியிருந்தால் குழந்தை பிறக்கிறதற்கு முன்னால் மகளிடம் போய்ச் சேர்ந்திருக்கலாம். அது தெரிந்துதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் காரணத்தையும் கூடவே எழுதுங்கள், இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அடுத்தவர் பிள்ளை மேல் ஆசையும் கிடையாது, அடுத்தவர் வீட்டுச் சந்தோஷத்தில் பங்கும் வேண்டாம். என்னை யாரும் கூப்பிடாமல் ஒரே ஒரு பகல், அதற்காகத்தான் இவ்வளவும்.

உங்கள் மேஜையில் அந்த போன் அடிக்கிறது இன்ஸ்பெக்டரம்மா. அந்தப் பெண்ணாகத்தான் இருக்கும். இப்படிக் கொடுங்கள், அது எனக்குத்தான்.